கெட்டிலும் லேடி ஹெப்ஸிபாவும்

எங்கள் ஸ்கெல்டர்டேல் பள்ளத்தாக்கில் காது என்றால் அது க்ளிஃபர்ட் ஆர்மிட்டேஜின் காதுதான். மற்றவர்களுக்கு இருப்பதெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டுகிற கொக்கி. இரண்டு மலை தள்ளி ஒரு நீராவி எஞ்சின் ஊதினால் போதும். மனுஷர் வாயிலிருந்த பைப்பை எடுத்துவிட்டு அது எந்தக் கம்பெனி, எந்த வகை, எந்தப் பட்டறையில் பிறந்தது என்று சொல்லுவார். டிரைவர் விசில் சங்கிலியை ஆசையோடு இழுத்தாரா, பெண்டாட்டியிடம் சண்டை போட்டுவிட்டு வந்து இழுத்தாரா என்பதுவரை சொல்லுவார். யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலை சமையலறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பின் மேல் கெட்டில் ஊதியது. அலறியது. ஒப்பாரி வைத்தது. தண்ணீரெல்லாம் ஆவியாகி, தொண்டை வறண்டு, தானாகவே அடங்கியது. க்ளிஃபர்ட் பக்கத்தைத் திருப்பினார்.

தோட்டத்துக் கோடியில் ருபார்ப் தண்டுக்கீரைப் பாத்தியில் குனிந்திருந்த அவர் மனைவி எனிட் சேற்றுப் பூட்ஸோடு ஓடிவந்தாள்.

"க்ளிஃபர்ட்."

"ம்?"

"கெட்டில் ஊதுச்சே."

"ஊதட்டுமே."

"ஊதி முடிச்சிருச்சு. அடி கருகிப் போச்சு. தோட்டத்துல இருந்த எனக்குக் கேக்குது, பக்கத்துல இருந்த உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு. ஒரு யோசனையில இருந்தேன்."

"என்ன யோசனை?"

"கெட்டில் ஊதுதேன்னுதான்."

எனிட் இடுப்பில் கை வைத்தாள். "கண்ணு," என்றாள்.

எங்கள் யார்க்‌ஷர் பக்கத்தில் பால்காரரிலிருந்து பாதிரியார்வரை எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம். அதில் விசேஷம் எதுவும் இல்லை. ஆனால் எனிட் தன் புருஷனைக் கண்ணு என்று கூப்பிட்டால் மட்டும் அவர் நைசாக எழுந்து ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுவார்.

கண்ணு, காது டாக்டரைப் பார், ஒரு காது மிஷின் வைத்துக்கொள் என்று அவள் சொல்ல ஆரம்பித்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவளே இரண்டு முறை ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கி வைத்தாள். ஒரு முறை முதுகுவலி என்று படுத்துக்கொண்டார். இன்னொரு முறை மழை என்றார். எங்கள் ஊரில் மழை என்று வீட்டில் உட்கார்ந்தால் எவனுக்கும் கல்யாணமே ஆகியிருக்காது. எனிட் அதைச் சொல்லியும் பார்த்தாள், அவர் அசையவில்லை.

அவருக்குத் தெரியாமல் இல்லை. கட்டை ஒலியெல்லாம் கேட்டது. கீச்சு ஒலிகள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டன. முதலில் குருவிகள் போயின. பிறகு தொலைபேசி மணி போனது. கடைசியில் கெட்டில். கெட்டில் போனதில் மட்டும் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பின்னே ஏன் இந்த அடம் என்று கேட்பீர்கள். எல்லாம் எங்கள் நீராவி ரயில் அன்பர் சங்கத்தால் வந்தது.

எங்கள் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அரசாங்கம் ஒரு காலத்தில் மூடிவிட்டது. நாங்கள் விடவில்லை. கடைக்காரர், வாத்தியார், கசாப்புக்காரர் எல்லாரும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று, தண்டவாளத்தைத் துரு சுரண்டி மீட்டோம். இன்று அதில் எங்கள் கையால் எண்ணெய் போட்ட எஞ்சின்கள் ஓடுகின்றன. லண்டனிலிருந்து வந்து பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுகிறார்கள். இந்தப் பெருமையை நாங்கள் அடக்கமாகத்தான் வைத்திருக்கிறோம், கேட்டவர்களிடம் மட்டும்தான் சொல்லுவோம். கேட்காதவர்கள் கேட்கும்வரை பக்கத்திலேயே நிற்போம்.

சங்கம் வருஷத்துக்கு ஒரு விசில் மாலை நடத்தும். செயலாளர் ஓஸ்வால்ட் முன்னாள் சிக்னல்காரர். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பழைய எஞ்சின்களின் விசில் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போடுவார். எந்தக் கம்பெனி விசில் என்று சொல்ல வேண்டும். நடுவில் எங்கேயாவது ஒரு கள்ள விசில் வரும். எஞ்சினே இல்லாத ஏதோ ஒரு சத்தம். ஊரில் யார் வேண்டுமானாலும் அதை ஓஸ்வால்டிடம் ரகசியமாகக் கொடுக்கலாம். சாம்பியன் அதில் ஏமாந்துவிட்டால், பரிசு சத்தம் கொடுத்தவருக்கு. இது சங்கம் பிறந்த நாளிலிருந்து இருக்கிற சட்டம். ஆனால் வருஷா வருஷம் சாம்பியன் ஆகிற க்ளிஃபர்ட் ஒருநாளும் ஏமாந்ததில்லை. கழுதை வந்தது, கப்பல் சங்கு வந்தது, யாரோ ஒருவர் மச்சானின் பைப் வாத்தியம் வந்தது. எல்லாவற்றையும் புறங்கையால் தள்ளிவிட்டார்.

இந்த வருஷப் பரிசுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. லேடி ஹெப்ஸிபா திரும்பி வருகிறாள்.

பழைய நார்த் ஈஸ்டர்ன் கம்பெனி எஞ்சின், பின்னால் எல்.என்.இ.ஆர். கம்பெனியிடம் போனவள். அவளோடு பிறந்த அத்தனை எஞ்சினுக்கும் குரல் கணீரென்று இருக்க, இவளுக்கு மட்டும் விசில் கரகரக்கும், சளி பிடித்த பாட்டுக்காரி மாதிரி. வார்ப்படத்தில் ஏதோ தப்பு. சரி பண்ணுகிறேன் என்று பட்டறை மூன்று தடவை விசிலை மாற்றியது. மூன்றும் இவள் தலையில் ஏறியதும் கரகரத்தன. அதைப் பற்றி எங்கள் சங்கத்தில் ஒரு மாலை முழுவதும் பேசலாம், பேசியும் இருக்கிறோம். அவளைப் பிரித்துப் போட்டு, கொதிகலனைப் புதுசாக்கி, பல வருஷம் கழித்து முதல் ஓட்டம் விடப் போகிறார்கள். விசில் மாலையில் ஜெயிக்கிறவர் டிரைவர் பக்கத்தில் நின்று, பள்ளத்தாக்கு ரயில் பாலத்தின் மேல் அவளுடைய முதல் விசிலை இழுக்கலாம்.

க்ளிஃபர்ட் கைக்குழந்தையாக இருந்தபோது ராத்திரி பகல் அழுவாராம். ஒருநாள் அம்மா தள்ளுவண்டியில் வைத்து அந்தப் பாலத்தடிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். மேலே லேடி ஹெப்ஸிபா ஊதிக்கொண்டு போனாள். குழந்தை கப்பென்று வாயை மூடிவிட்டதாம். இதைச் சொல்லும்போதெல்லாம் க்ளிஃபர்டுக்குக் குரல் தழுதழுக்கும். அந்தச் சங்கிலியை ஒரு தடவை தன் கையால் இழுத்துவிட்டால் போதும், அப்புறம் செத்தாலும் சரி என்பார். அப்படிச் சொல்லும்போது ஹம்ஃப்ரி பிக்கர்ஸ்கில் ஆவலோடு நிமிர்ந்து பார்ப்பார்.

ஹம்ஃப்ரி எங்கள் ஊரில் செத்தவர்களைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்து கொடுக்கிறவர். சத்தமே இல்லாத இடத்தில் வேலை பார்த்துப் பார்த்து மனுஷருக்குக் காது கூர்மையாகிவிட்டது. வருஷா வருஷம் இரண்டாவதாக வருவார். காது மிஷினோடு க்ளிஃபர்ட் போய் உட்கார்ந்தால், போட்டிக்கு முன்னாலேயே ஹம்ஃப்ரி அளவெடுக்க ஆரம்பித்துவிடுவார். அந்த நினைப்பே க்ளிஃபர்டுக்குத் தாங்கவில்லை.

கருகிய கெட்டிலை எனிட் மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு யோசனை பிறந்தது. பிரமாதமான யோசனை. தன் மூளையைத் தானே தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது.

விஷயம் இதுதான். கல்யாணமான நாளிலிருந்து முன்னறையில் அந்த விசில் பதிவுகள் ஓடாத சனிக்கிழமை இல்லை. அந்த நேரத்தில்தான் எனிட் துணி இஸ்திரி போடுவாள். கேட்டாளா கேட்கவில்லையா என்று அவர் ஒருநாளும் கவனித்தது கிடையாது. இப்போது சோதித்துப் பார்த்தார். அவள் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது சத்தத்தைக் கூட்டிவைத்து ஒரு பதிவைப் போட்டார்.

"இது எதுன்னு தெரியுதா?"

எனிட் நிமிரவில்லை. "இது ரெண்டு விசில் வெச்சிருக்கவன். ரயிலுக்கு ஒண்ணு, கார்டுக்கு ஒண்ணு."

கிரேட் வெஸ்டர்ன். சரி. அடுத்ததைப் போட்டார்.

"இது உன் அக்கா வீட்டுக்குப் போறப்ப வருமே, அந்தத் தெக்கத்தி சீமான். மூக்கால ஊதுவான்."

சதர்ன். அதுவும் சரி. அடுத்தது அவருக்கே கேட்டது, கட்டைக் குரல் எல்.எம்.எஸ். "மாடு" என்றாள் எனிட். வரிசையாகப் போட்டார். வரிசையாகச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவருக்கு நெஞ்சு விம்மியது. நான் வளர்த்த காது என்று நினைத்துக்கொண்டார். கூடவே ஒரு சின்ன எரிச்சலும் வந்தது, அதை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"எனிட், இந்த வருஷம் விசில் மாலைக்கு டீ மேசை நீதான் பாத்துக்கணும்."

"உங்க சங்கத்துல பொம்பளைங்க வந்தா விசில் சூடு ஆறிப் போகும்னு சொல்லுவியே?"

"அது போன வருஷம். நீ என் எதிர்ல உக்காந்துக்கோ. அந்த ஹாலோட ஸ்பீக்கர் மோசம். என் காதுல ஒண்ணும் கோளாறு இல்ல. ஸ்பீக்கர்தான். அதனால எந்தக் கம்பெனி விசில்னு நீ ஒரு சின்ன ஜாடை காட்டினா போதும்."

"கையால காட்டினா ஹம்ஃப்ரி பாத்துருவாரே."

"பிஸ்கட்டால காட்டு," என்றார் க்ளிஃபர்ட். அந்த நிமிஷம் அவர் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டீ மேசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிற பெண்பிள்ளையை இங்கிலாந்தில் எவன் சந்தேகப்படுவான்? க்ரீம் பிஸ்கட் என்றால் கிரேட் வெஸ்டர்ன், இரண்டு வில்லை, இரண்டு விசில். வெண்ணெய் பிஸ்கட் சதர்ன், பணக்காரப் பக்கம். கோதுமை பிஸ்கட் எல்.எம்.எஸ்., தடித்த குரல். இஞ்சி பிஸ்கட் நம்முடைய எல்.என்.இ.ஆர்., காரம் இருக்கும். கள்ள விசில் வந்தால் பிஸ்கட்டையே தொடக் கூடாது. எனிட் ஒருமுறை கேட்டாள், உடனே மனப்பாடம் ஆகிவிட்டது.

"செய்யறேன்," என்றாள். "ஆனா உங்க சங்கத்துப் பாத்திரம் ஒழுகும். நம்ம கெட்டிலத்தான் கொண்டு வருவேன்."

கொண்டு வா, கொண்டு வா என்றார். இவ்வளவு சுலபமாக எனிட் எதற்கும் சம்மதித்ததே இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. யோசனை பிரமாதமாக இருந்தால் மனுஷனுக்கு வேறு எதுவும் உறைக்காது.

அந்த வாரத்தில் ஒருநாள் ஓஸ்வால்ட் ருபார்ப் வாங்கிப்போக வந்தார். ஒரு பெரிய மூடிபோட்ட கூடையை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, எனிடோடு சமையலறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். க்ளிஃபர்ட் செய்தித்தாளை விட்டு எழவில்லை. செயலாளரிடம் அதிகம் பேச்சுக் கொடுத்தால் போட்டி நேர்மையாக இருக்காது என்பது அவர் கொள்கை. போகும்போது ஓஸ்வால்ட் ருபார்பை மறந்துவிட்டுப் போனார். வயசாகிவிட்டது பாவம் என்று க்ளிஃபர்ட் இரக்கப்பட்டார்.

விசில் மாலையன்று பழைய ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறை நிரம்பி வழிந்தது. முதலில் வழக்கம்போல நினைவுகள். ஒருவர் கரி அள்ளும் ஷவலில் பன்றி இறைச்சியும் முட்டையும் பொரித்துத் தின்ற ருசியைச் சொன்னார், வருஷா வருஷம் அதில் ஒரு முட்டை கூடும். ஹம்ஃப்ரி ஒரு எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் வருஷக்கணக்காக ஒரு மீன் வசித்ததைச் சொன்னார். ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும்போது குஞ்சாக வந்தது, டிக்கெட் இல்லாமலே நியூகாசில்வரை போய்வந்ததாம். இன்னொருவர் சொன்ன எஞ்சினுக்குப் புகைபோக்கி சுரங்கத்தைவிட உயரம். எஞ்சினைக் குட்டையாக்கினால் மரியாதைக் குறைவு என்று தண்டவாளத்தைத் தோண்டித் தாழ்த்தினார்கள். யாரும் எதையும் சந்தேகப்படவில்லை. எங்கள் எஞ்சின்கள் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிறுக்கு. அதனால்தான் அவற்றின் மேல் இவ்வளவு பாசம்.

க்ளிஃபர்ட் தள்ளுவண்டிக் கதையைச் சொன்னார். குரல் தழுதழுத்தது. கைதட்டினார்கள்.

போட்டி ஆரம்பித்தது. மற்றவர்கள் சீட்டில் எழுதி மடித்துவைத்தபின் சாம்பியன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்புறம் அவரவர் சீட்டைப் பிரித்துப் படிக்க வேண்டும். திரைக்குப் பின்னால் ஏதோ ஊதியது. க்ளிஃபர்ட் கண்ணை மூடினார், ஒரு கண்ணை மட்டும். டீ மேசையில் எனிட் ஒரு க்ரீம் பிஸ்கட்டை எடுத்து, இரண்டாகப் பிரித்து, நிதானமாகத் தின்றாள்.

"கிரேட் வெஸ்டர்ன்," என்றார் க்ளிஃபர்ட். "டிரைவர் இடது கைக்காரன்."

அறை சொக்கிப் போனது. அடுத்தது வெண்ணெய் பிஸ்கட். அதற்கடுத்தது இஞ்சி. கட்டைக் குரல் வந்தபோது எனிட் கோதுமை பிஸ்கட்டைத் தொடுமுன்பே சொல்லிவிட்டார், தனக்கும் கொஞ்சம் காது உண்டு என்று அவளுக்குக் காட்ட. ஒவ்வொருவராகப் போட்டியிலிருந்து விழுந்தார்கள். ஹம்ஃப்ரி மட்டும் விழவில்லை. மனுஷர் உள்ளங்கையைக் காதோரம் குவித்துக்கொண்டு, பிணத்தின் பக்கத்தில் நிற்கிற பணிவோடு, ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னார். கடைசியில் இரண்டு பேரும் சமம்.

"இனி ஒண்ணே ஒண்ணு," என்று திரைக்குப் பின்னாலிருந்து ஓஸ்வால்ட் சொன்னார். "கம்பெனி மட்டும் போதாது. எஞ்சின் பேரும் சொல்லணும்."

லேடி ஹெப்ஸிபாவை அந்த வாரம்தான் எஞ்சின் கொட்டகையில் சூடேற்றிச் சோதித்தார்கள். ஊரே அறியும். கடைசி விசில் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதுவாக இருக்க முடியும்?

ஊதியது. அதாவது, ஊதியிருக்க வேண்டும். க்ளிஃபர்டுக்கு எட்டியது தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல் மட்டும்தான். எனிடைப் பார்த்தார். அவள் பிஸ்கட் தட்டைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த கருகிய கெட்டிலை இரண்டு கையாலும் தூக்கி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். இந்த நேரத்தில் போய் டீ ஊற்றுகிறாளே என்று அவருக்குக் கோபமாக வந்தது. புருவத்தால் அவசரப்படுத்தினார். அவள் பெருமூச்சு விட்டாள், கெட்டிலை வைத்தாள், ஓர் இஞ்சி பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கினாள்.

இஞ்சி! க்ளிஃபர்ட் எழுந்து நின்றுவிட்டார்.

"நண்பர்களே, பேர் சொல்லணுமா? என் தாயோட குரல் எனக்குத் தெரியாதா? அந்தக் கரகரப்பக் கேட்டீங்களா? அதுக்குள்ள ஒரு துக்கம், துக்கத்துக்குள்ள ஒரு கம்பீரம். மூணு தடவை விசிலை மாத்தியும் போகாத கரகரப்பு. குழந்தையா அழுதப்ப என்னை ஆத்தின குரல். அவளேதான். எல்.என்.இ.ஆர்., லேடி ஹெப்ஸிபா."

கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கைதட்டல் ஏன் வரவில்லை என்று சுற்றிப் பார்த்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். ஹம்ஃப்ரி மட்டும் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். மனம் உருகிவிட்டது போலிருக்கிறது என்று க்ளிஃபர்ட் நினைத்தார்.

"மிச்சத்தையும் போட்டுடவா?" என்றார் ஓஸ்வால்ட், கொஞ்சம் சங்கடத்தோடு. பதிவு மேலே ஓடியது. சத்தம் ஓய்ந்து, காகிதம் திருப்புகிற சலசலப்பு வந்தது. அதற்கப்புறம் கட்டைக் குரல் ஒன்று. இது க்ளிஃபர்டுக்கும் தெளிவாகக் கேட்டது, ஏனென்றால் அது அவருடையது.

"எனிட், தண்ணி இன்னுமா கொதிக்கல?"

கூரை பிய்ந்துகொண்டு போனது. அழுதார்கள், மேசையைத் தட்டினார்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஹம்ஃப்ரி எழுந்து, கெட்டில் என்று பணிவாகச் சொல்லி, பரிசை வாங்கிக்கொள்ள முன்னால் வந்தார். ஓஸ்வால்ட் அவரை உட்காரச் சொன்னார். கள்ள விசிலில் சாம்பியன் ஏமாந்தாயிற்று. பரிசு சத்தம் கொடுத்தவருக்கு. கொடுத்தவர் திருமதி எனிட் ஆர்மிட்டேஜ்.

எனிட் உதட்டோரத்து இஞ்சித் தூளைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிஸ்கட் விஷயத்தை அவள் மூச்சுவிடவில்லை. "எங்க வீட்டுக் கெட்டிலுக்கும் லேடிக்கும் ஒரே தொண்டைன்னு அவர் அடிக்கடி சொல்லுவார், அதான்," என்று மட்டும் சொன்னாள். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு பொய்யால் சபையில் அவர் மானம் பாதியாவது மிஞ்சியது.

வீட்டுக்கு நடக்கும்போது மழை தூறியது. க்ளிஃபர்ட் குடையைத் தன் பக்கமே பிடித்துக்கொண்டு வந்தார்.

"இஞ்சி காட்டினியே, துரோகி."

"முதல்ல கெட்டிலத்தானே காட்டினேன்? உன் மூஞ்சிக்கு நேரா, கை வலிக்க வலிக்கக் காட்டினேன். அப்புறம் எனக்குப் பசிச்சுது, ஒரு பிஸ்கட் தின்னேன். அதுவும் கூடாதா?"

எனிட் நின்றாள். குடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போன மாசம் கொட்டகையில நீ எண்ணெய் போட்டுட்டிருந்தப்ப பின்னால எஞ்சின் வந்துச்சு. ஊதிச்சு. நீ திரும்பல. ஓஸ்வால்ட் உன் கோட்டைப் புடிச்சு இழுத்தாராம். நீ என்கிட்ட சொல்லல. அவர் சொன்னார். அன்னிலேர்ந்து நீ அங்க போனா நான் வாசல்லயே நிக்கறேன் தெரியுமா?"

க்ளிஃபர்ட் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு நீயே ஜெயிச்சிருந்தேன்னு வெச்சுக்கோ. பாலத்து மேல நின்னு அந்தச் சங்கிலிய இழுக்கறே. ஊருக்கே கேக்குது. உனக்கு மட்டும் கேக்கல. அதுக்குத்தானா இத்தனை வருஷம் காத்திருந்தே?"

அதுதான் அவர் நெஞ்சின் அடியில் கிடந்த பயம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட. வீட்டு வாசல் கேட்டை அவளுக்காகத் திறந்துவிட்டார். பிறகு, ஆஸ்பத்திரியில் எப்போது நேரம் கிடைக்கும் என்று மெதுவாகக் கேட்டார். ஏற்கனவே வாங்கியாயிற்று என்றாள் எனிட்.

முதல் ஓட்டத்தன்று க்ளிஃபர்ட் இரண்டு காதிலும் மிஷினோடு பாலத்தடியில் நின்றார். உலகமே இரைச்சலாக இருந்தது. குருவிகள் திரும்பி வந்திருந்தன, வாடகை பாக்கி வைத்துப் போனவர்கள் மாதிரி இல்லாமல் உரிமையோடு கத்தின. பக்கத்தில் ஹம்ஃப்ரியின் பல்செட் டக்டக்கென்றது. இவ்வளவு நாள் இது தெரியாமல் நிம்மதியாக இருந்தோமே என்று தோன்றியது.

சுரங்கத்திலிருந்து புகை வந்தது. பிறகு அவள் வந்தாள், பச்சைப் பளபளப்பும் பித்தளை மினுக்குமாக, லேடி ஹெப்ஸிபா. டிரைவர் பக்கத்தில் தலையில் துணி கட்டி, மூக்கில் கரியோடு எனிட். பாலத்தின் நடுவில் வந்ததும் கையை உயர்த்திச் சங்கிலியை இழுத்தாள். சும்மா இல்லை, முழு மூச்சாக இழுத்தாள்.

கரகரத்தது. சளி பிடித்த அந்தக் குரல் பள்ளத்தாக்கு முழுவதும் உருண்டு, மலையில் மோதி, திரும்பி வந்து அவர் காதில் இறங்கியது. ஒரு துளிகூடச் சிந்தாமல் இறங்கியது. க்ளிஃபர்ட் தொப்பியைக் கழற்றினார். அழுதார். இந்தத் தடவை அழுததற்கு யாரும் சிரிக்கவில்லை.

"டிரைவர் நல்லா சொல்லிக் குடுத்திருக்கார்," என்றார் ஹம்ஃப்ரி, மரியாதைக்கு.

"டிரைவர் இல்லப்பா, அது என் பொண்டாட்டி," என்றார் க்ளிஃபர்ட். "கேளு, முடிக்கும்போது மணிக்கட்ட லேசா விடறா பாரு. அந்த நெளிவு எவனுக்கும் வராது. நாற்பது வருஷமா நான் போட்ட பதிவைக் கேட்டு வளர்ந்த காது." பிளாட்பாரத்தில் வந்து இறங்கிய அவளை ஊர்முழுக்க அறிமுகப்படுத்தினார். ஏற்கனவே தெரிந்தவர்களுக்கும் அறிமுகப்படுத்தினார். லண்டனிலிருந்து வந்திருந்தவர்களை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எனிட் பூட்ஸைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். க்ளிஃபர்ட் எதிரில் உட்கார்ந்து, விசில் மூன்றாவது நொடியில் எப்படிக் கம்மியது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அடுப்பின் மேலிருந்த கருகிய கெட்டில் முதலில் முனகியது. பிறகு மெல்லிசாக ஊத ஆரம்பித்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு விரலை உயர்த்தினார். முகம் மலர்ந்துவிட்டது.

"எனிட், கெட்டில் ஊதுது. எனக்குக் கேக்குது."

"நல்லாக் கேக்குதா?"

"கணீர்னு கேக்குது."

"அப்ப எழுந்து போய் டீ போடு, கண்ணு. இனிமே தினமும் கேக்கும்."